கடகடவா, கடக்கென்றா?

சற்றே நீண்ட பதிவு. என் ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒரு வேலையாகத் தொடங்கி, ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்குள் வந்து முடிந்த செய்தி இது. பொறுமையுள்ளவர்கள் வாசிக்கலாம்.

புனேயில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளரும் அவருடைய அண்ணியாரும் வசிக்கிறார்கள். உரிமையாளர் ஓய்வுபெற்ற பொறியாளர். எழுபதைக் கடந்தவர். இங்குள்ள வழக்கப்படி அவரைக் 'காகா' என்று அழைக்கிறேன். மராத்தியில் அது சித்தப்பாவைக் குறிக்கும் சொல். வந்த புதிதில் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, "காகா சாப்பிடக் கூப்பிட்டார்" என்று சொன்னதைக் கேட்டு அம்மா சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

காகாவின் கார்க் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு டிரையம்ஃப் டிஆர்6 இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் வண்டி. இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, மேற்கூரையை மடக்கிவிடத்தக்க, ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட ஆங்கிலேய விளையாட்டுக் கார். இங்கிலாந்தில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய அவருடைய அண்ணன் கையோடு கொண்டுவந்தது. அண்ணன் இப்போது இல்லை. அவருடைய மனைவிக்கு, காகாவின் மொழியில் 'வஹினி'க்கு, இவ்வாண்டு எண்பது வயது நிறைந்தது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒருமுறை அந்த வண்டியில் கண்டாலா மலைப்பாதையில் போய்வர வேண்டும் என்பது அவர் கேட்ட ஒரே பிறந்தநாள் பரிசு.

வண்டி ஓடியது. ஆனால் கிளட்சை விட்டு நகரும்போதெல்லாம் பின்புறத்தில் ஒரு சத்தம். ஒரு பணிமனையில் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ்களை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. இன்னொரு பணிமனையில் அதே கிராஸ்களை மறுபடியும் மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை. மூன்றாவது இடத்தில், டிஃபரென்ஷியலையே பிரித்துக் கிரவுனையும் பினியனையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அவர்கள் கேட்ட தொகை என் ஓராண்டு உதவித்தொகைக்குச் சமம்.

இந்த இடத்தில் என் ஆய்வைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தமிழிலும் மராத்தியிலும் உள்ள ஒலிக்குறிப்புச் சொற்களை ஒப்பிடுவது என் தலைப்பு. சலசல, படபட, மடமட போன்ற சொற்கள் இந்திய மொழிகள் பலவற்றிலும், அவை எந்த மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும், வியப்பூட்டும் அளவுக்கு ஒத்த அமைப்போடு வருகின்றன. எமனோ 1969இல் எழுதிய கட்டுரை ஒன்று இதை ஒரு பொதுப்பண்பாக நிறுவியது. அக்கட்டுரையிலிருந்துதான் நானும் தொடங்கினேன். தொடங்கிய இடத்திலேயே ஓராண்டாக நின்றுகொண்டும் இருந்தேன். மூன்றாம் இயலின் வரைவைப் படித்த என் நெறியாளர் விளிம்பில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: சொற்கள் எல்லாம் அகராதியிலிருந்து வந்திருக்கின்றன, பேசுகிறவர்கள் எங்கே?

அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியாமலில்லை. சொல்லத்தான் தயக்கமாக இருந்தது.

என் அப்பா திருச்சியில் மெக்கானிக். பதினைந்து வயதில் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தவர். அந்தப் பட்டறைக்கு அன்று பெரும்பாலும் வந்தவை ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள். சென்னையை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையைச் சேர்ந்த அந்த ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டேதான். 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் வந்தது. பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே அசையும்படியான அதன் அமைப்பு நம் சாலைகளில் ஓட்டியவர்களுக்கும், பழுதுபார்த்தவர்களுக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் அதைக் கைவிட்டு நேரான அச்சுக்கு மாறிவிட்டார்கள். அப்பாவுக்கோ அந்த ஹெரால்டின் பின்பகுதிதான் தொழிலின் அரிச்சுவடி.

நான் அந்தப் பட்டறைக்குள் ஒரு நாளும் கால்வைத்ததில்லை. பெண்பிள்ளை கிரீஸ் மிதித்துக்கொண்டு நிற்பதை அவர் விரும்பவில்லை. எனக்கும் விருப்பமில்லை என்று காட்டிக்கொண்டேன். கல்லூரி விண்ணப்பங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். ஒலிக்குறிப்புச் சொற்களை நாள்தோறும் தொழிற்கருவியாகப் பயன்படுத்தும் ஒரு மனிதரின் வீட்டில் பிறந்து வளர்ந்துவிட்டு, அச்சொற்களை அகராதிகளில் தேடிக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை. நாற்பதாண்டுச் சுத்தியல் ஓசையில் அவருடைய இடது காது ஏறத்தாழப் போய்விட்டது. வலது காதும் மெல்ல மங்கிவருகிறது.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை, காகாவின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அப்பாவை அழைத்தேன். "வண்டியில் சத்தம் வருகிறது, அப்பா" என்றதும் அவர் கேட்ட முதற்கேள்வி இது:

"பாப்பா, கடகடன்னு வருதா, கடக்குனு வருதா?"

மூன்றாம் இயலில் பன்னிரண்டு பக்கம் எழுதி என்னால் தெளிவாக்க முடியாத வேறுபாடு அந்த ஒரு கேள்வியில் இருந்தது. தொடர்ந்து நிகழும் ஒலிக்குத் தமிழ் இரட்டைக்கிளவியைத் தருகிறது. கடகட, லொடலொட, கரகர. பிரித்தால் இவற்றுக்குப் பொருளில்லை என்பது இலக்கண மரபு. ஒருமுறை நிகழ்ந்து முடியும் ஒலிக்கோ 'என்று' சேர்ந்து வரும். டக்கென்று, படாரென்று, கடக்கென்று. மராத்தியிலும் இப்படியே தொடரொலிக்கு இரட்டிப்பும், ஓர் ஒலிக்குக் 'கன்' என்னும் ஈறும் உண்டு. கட்கன், தாட்கன் என்பார்கள். இது வெறும் சொல்லமைப்பு வேறுபாடு என்றே நான் எழுதியிருந்தேன். அப்பாவுக்கு அது பழுது எங்கே இருக்கிறது என்று காட்டும் அடையாளம். சுழலும் உறுப்பு கெட்டால் சுற்றுக்கு ஒருமுறை ஒலிக்கும். அதனால் இரட்டைக்கிளவி. நிலையாக நிற்கவேண்டிய உறுப்பு இடம் பெயர்ந்தால், பெயரும் அந்தக் கணத்தில் மட்டும் ஒலிக்கும். அதனால் 'கடக்கென்று'.

காகாவிடம் பணிமனைச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் 'ராட்டில்' என்றுதான் எழுதியிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டுக் கேட்டு எரிச்சலடைந்த அவர், அதைத் தொடரொலியாகவே விவரித்திருக்கிறார். கேட்டவர்களும் சுழலும் உறுப்பைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

களப்பணிக்கு என்று வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியை இருக்கைகளுக்குப் பின்னால் ஒட்டி, தெருவில் ஓட்டச் சொல்லிப் பதிவு செய்தேன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 2.7 முறை சுற்றும். டிஃபரென்ஷியலின் விகிதம் 3.45. ஆகவே புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 9 முறைக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். பழுது அதில் இருந்தால் அலைவரைவில் நொடிக்கு ஒன்பது முகடுகள் தெரிய வேண்டும். தெரியவில்லை. கிளட்சை விடும்போது ஒரு முகடு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது இன்னொரு சிறு முகடு, இடையில் எஞ்சினின் ஒலி மட்டும்.

பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பா வலது காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கிராஸ் போனாலும் கிளம்புறப்ப ஒருதரம் தட்டும். ஆனா அது கிணுக்குனு இரும்புச் சத்தமா இருக்கும். இது அடிவயித்துலேர்ந்து டொக்குனு வருது. டிஃபரென்ஷியலைப் பிடிச்சிருக்கிற இடம் விட்டுருக்கு. வலது முன்பக்கத்தைப் பாரு."

ஏன் வலது முன்பக்கம் என்று கேட்டேன். அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தொலைவு ஓட வேண்டியிருப்பதால், இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரக் கூட்டமே டிஃபரென்ஷியல். லாரியில் அது நேரான அச்சின் நடுவிலேயே இருக்கும். டிஆர்6இல் பின்சக்கரங்கள் தனித்தனியே அசைவதால், அது சேஸிஸோடு நான்கு இடங்களில் ரப்பர் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் விசைக்கு எதிர்விசையாக டிஃபரென்ஷியலின் மூக்கு மேலே எழ முயலும். புரொப்பல்லர் ஷாஃப்டோ, ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன்னோக்கிப் பார்த்தால், இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அது தன்னோடு கூட்டை இழுக்கும்போது வலப்பக்கம் மேலேயும் இடப்பக்கம் கீழேயும் போகும். இரண்டு விசைகளும் ஒரே திசையில் சேரும் இடம் வலது முன்மூலை. நான்கு பிடிமானங்களில் மிகுதியாக அடிவாங்குவது அதுதான். முதல் கியரில் முறுக்கு ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகி வருவதால், நின்ற நிலையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அது மேல்நோக்கி இழுக்கப்படுகிறது.

பிறகு நான் படித்தறிந்ததும் இதை உறுதி செய்தது. இந்தச் சேஸிஸ் அமைப்பு 1965இல் டிஆர்4ஏ காருக்காக வந்தது. அதில் இருந்தது 2138 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். பின்னர் 2498 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினை ஏற்றியபோதும் அடிப்படைச் சட்டம் அதுவே. 1968 முதல் 1976 வரை கவென்ட்ரியில் உருவான டிஆர்6 வண்டிகளை வைத்திருப்பவர்களிடையே வலது முன் பிடிமானத்தின் விரிசல் மிகவும் பழகிய பழுது. டிஆர்6 ஒன்றைக் கண்ணாலும் காணாத என் அப்பா, சுழலும் திசையை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காகா தனக்குத் தெரிந்த ஒரு வயதான மிஸ்திரியை அழைத்துவந்தார். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, டிஃபரென்ஷியலின் மூக்குக்கு அடியில் கடப்பாரையை வைத்து நெம்பினார். வலப்பக்கம் ஒரு விரல் உயரம் எழுந்து, விட்டதும் 'டொக்'கென்று அமர்ந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அழுக்குக்கு அடியில் விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா சொன்னபடி கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசினோம். விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கருங்கோட்டை வரைந்தது. பிடிமானக் குச்சி பொருந்தியிருக்கும் தகட்டுப் பெட்டியில், அரைவட்டமாகக் கோடு ஓடியிருந்தது. அதன் ஒரு பாதிக்கு மேல் யாரோ பழைய காலத்தில் அழுக்கைக்கூட நீக்காமல் வெல்டிங் வைத்திருந்தார்கள். அந்த வெல்டிங்கின் ஓரமாகவே விரிசல் மீண்டும் கிளம்பியிருந்தது.

அடுத்துச் செய்யவேண்டியது வெல்டிங். இங்கேதான் சண்டை வந்தது. டிஆர்6இன் பெட்ரோல் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னால், டிஃபரென்ஷியலுக்கு ஏறத்தாழ நேர்மேலே இருக்கிறது. வெல்டர் ஈரச்சாக்கு போட்டு மூடினால் போதும் என்றார். எத்தனையோ வண்டிகளில் செய்திருக்கிறேன் என்றார். காகாவும் நாள் போகிறதே என்று தலையசைத்தார். வஹினியின் பிறந்தநாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. நான் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தேன். அப்பாவுக்கு மராத்தி தெரியாது, உடைந்த இந்தியில் பேசினார். காலித் தொட்டியில் நிற்கும் ஆவி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது, தொட்டியைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைக்காமல் தீப்பொறி பட வேண்டாம் என்று சொன்னார். வெல்டர், "தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வேலை சொல்லிக் கொடுப்பாரா?" என்று சிரித்தார். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தன்னோடு கையாளாகச் சேர்ந்த ஒருவனைப் பற்றிச் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. பதினேழு வயது என்று மட்டும் சொன்னார். ஈரச்சாக்கு போட்டிருந்தார்கள் என்றார்.

அந்தப் பையனைப் பற்றி இருபத்தெட்டு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பட்டறைக்குள் என்னை ஏன் விடவில்லை என்பதற்கு நான் வைத்திருந்த விளக்கம் அன்று மாறிப்போனது.

வெல்டர் எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். பின்பெட்டியின் உட்பலகைகளைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, தொட்டியை எடுத்துத் தோட்டத்தின் மறுகோடியில் வைக்க அரைநாள் ஆயிற்று. பேட்டரியின் இணைப்பையும் நீக்கினோம். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன், மீண்டும் அதே நிலையில் பொருத்துவதற்காக இரு விளிம்புகளிலும் உளியால் அடையாளம் வைத்தார் மிஸ்திரி. சக்கரங்களுக்குச் செல்லும் ஷாஃப்டுகளையும் பிரித்தபின், டிஃபரென்ஷியலை ஜாக்கியின்மேல் தாங்கி மெல்லக் கீழே இறக்கினார்கள்.

விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டார்கள். கூரிய முனையில்தான் இழுவிசை குவியும், வட்டத்துளையில் அது பரவிவிடுவதால் விரிசல் மேலும் ஓடாது. பழைய வெல்டிங்கை அரைத்தெடுத்து, விரிசலை வி-வடிவப் பள்ளமாக்கி, அடிவரை உருகும்படி பற்றவைத்தார்கள். ஆனால் விரிசலை மூடுவதோடு நின்றால் வேறோர் இடத்தில் மீண்டும் கிழியும். அந்தத் தகட்டுப் பெட்டி ஒரு பக்கம் திறந்தே இருப்பதுதான் அடிப்படைக் குறை. எனவே 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் முக்கோணத் தாங்கிகள் வெட்டி, திறந்த பக்கத்தை மூடி, சட்டத்தோடு இணைத்தார்கள். இடப்பக்கத்திலும் விரிசல் இல்லாதபோதே அவ்வாறு செய்தார்கள். முழுவதும் பற்றவைக்கும் முன், டிஃபரென்ஷியலைத் தளர்வாகத் தூக்கிப் பொருத்திக் குச்சிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார் மிஸ்திரி. சூட்டில் தகடு கோணாமலிருக்க வெல்டர் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக வேலை செய்தார். அவர் கை அருமையான கை என்பதையும் சொல்லவேண்டும்.

கடைசிக் கேள்வி ரப்பர். பழைய ரப்பர்கள் எண்ணெய் குடித்து ஊறிப் பிளந்திருந்தன. காகா, பொறியாளர் என்பதால், பாலியூரித்தேன் போடலாம், பல்லாண்டு உழைக்கும் என்றார். அப்பா வேண்டாம் என்றார். "அது ரொம்ப விறைப்பு. விறைப்பா இருந்தா அடி நேரா தகட்டுல போய் விழும். இரும்பும் இரும்பும் சேர்ற இடத்துல கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது ஒண்ணு இருக்கணும்." பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் பாலியூரித்தேனை விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆனால் எண்பது வயது மூதாட்டி அமரும் வண்டிக்கு அவர் சொன்னதே சரி என்று காகாவும் ஒப்புக்கொண்டு, முன்பே இங்கிலாந்திலிருந்து வரவழைத்து வைத்திருந்த ரப்பர்களை எடுத்துவந்தார்.

அன்றிரவு எனக்கு உடம்படுமெய் நினைவுக்கு வந்தது. இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தில் தமிழ் ஒரு யகரத்தையோ வகரத்தையோ இடையில் வைக்கிறது. திருவும் ஆரூரும் சேர்ந்து திருவாரூர் ஆகும்போது நடுவில் நிற்கும் வகரத்துக்குத் தனிப்பொருள் ஏதுமில்லை. இரண்டையும் ஒத்துப்போகச் செய்வதே அதன் பணி. பள்ளியில் அதை மனப்பாடம் செய்தபோது அப்பாவிடம்தான் ஒப்பித்தேன். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தார்.

பிறந்தநாளன்று காலையில் தார்ப்பாயை நீக்கினார்கள். காகா கிளட்சை விட்டார். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. கண்டாலா வரை போய், மலைப்பாதையில் கோபோலிக்கு இறங்கி, மீண்டும் ஏறித் திரும்பினார்கள். வஹினி தலையில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "அவர் இதைவிட வேகமாக ஓட்டுவார்" என்றார்.

ஏப்ரலில் திருச்சிக்குப் போய்ப் பட்டறையில் பதினொரு நாள் உட்கார்ந்தேன். ஒலிப்பதிவுக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது ஆய்வு நெறி. அப்பா படிவத்தை முழுதும் படித்துவிட்டு, "என் பேச்சை எதுக்கும்மா எழுதுற, இதெல்லாம் பட்டறைப் பேச்சு" என்று சொல்லிக்கொண்டே தமிழில் கையெழுத்திட்டார். பேரிங் தேய்ந்தால் 'உய்ங்', வால்வு தளர்ந்தால் 'டிக்டிக்', பிரேக் கட்டை தீர்ந்தால் 'கிரீச்', புஷ் போனால் 'லொடக்' என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் தந்த சொற்கள் இருநூறைத் தாண்டின. அவற்றுள் பெரும்பாலானவை நான் புரட்டிய எந்த அகராதியிலும் இல்லை. எந்தச் சொல் இரட்டிக்கும், எந்தச் சொல் இரட்டிக்காது என்பதில் ஐந்து மெக்கானிக்குகளும் பெரும்பாலும் ஒத்த விடையே தந்தார்கள். சில பதிவுகளை அப்பாவால் இப்போது தெளிவாகக் கேட்க முடிவதில்லை. அவற்றை மட்டும் இன்னும் சற்று ஒலி கூட்டி மறுபடி கேட்கச் செய்தேன். இரண்டாண்டுகள் முன்னதாக வந்திருக்கலாம்.

மூன்றாம் இயலைத் திருத்தி அனுப்பிவிட்டேன். தரவு அட்டவணையில் பெயர்கள் வராது, எண்கள் மட்டுமே வரும். பேச்சாளர் 1, ஆண், வயது 62, தாய்மொழி தமிழ். தொழில் என்ற இடத்தில் இம்முறை மெக்கானிக் என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பட்டறைகளில் வழங்கும் ஒலிச்சொற்கள் எவையேனும் நினைவிருந்தால் எழுதுங்கள். எந்த வண்டியில், எந்த உறுப்பு கெட்டபோது கேட்டது என்பதையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.